சர்க்கரைப் பொட்டலமும் ஜீன் சிப்பும்

என் சமையலறைத் தராசு பொய் சொல்லும். பழைய சுருள்வில் தராசு அது. தட்டு வெறுமையாக இருக்கும்போதே முள் 30 கிராமில் நிற்கும். அதன் எல்லை 5 கிலோ. அதற்கு மேல் பூசணிக்காயை வைத்தாலும் அம்மிக்குழவியை வைத்தாலும் முள் ஒரே இடத்தில் போய் முட்டிக்கொள்ளும். இருந்தும் இருபது வருடமாக அதை மாற்றவில்லை. பிரிக்காத ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை அவ்வப்போது தட்டில் வைத்துப் பார்ப்பேன். 1,030 காட்டினால் தராசு வழக்கமான பொய்யைத்தான் சொல்கிறது என்று நிம்மதி. மொரீஷியஸில் சர்க்கரைக்கா பஞ்சம்!

போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை, குளிர்காலத் தூறல் விடாமல் விழுந்துகொண்டிருந்த நேரம், ரோஸ்ஹில்லில் உள்ள என் வீட்டுக்கு அண்ணன் மகள் வந்தாள். ரெதுயியில் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிறாள், கடைசி ஆண்டு. கையில் மடிக்கணினி, அதில் மரபணுக்களை அளக்கும் ஜீன் சிப் சோதனை ஒன்றின் வரைபடம், முகத்தில் கலக்கம்.

“அத்தை, இந்தத் தரவு கெட்டுப்போயிருக்கிறது என்று நினைக்கிறேன். ஆர்.என்.ஏ.வை இரண்டு மடங்கு போட்டால் சிப்பில் இரண்டு மடங்கு வெளிச்சம் வர வேண்டாமா?”

வரைபடத்தைப் பார்த்தேன். கோடு பூஜ்யத்தில் தொடங்கவில்லை. நடுவில் நன்றாகவே ஏறியது. உச்சியை நெருங்க நெருங்க வளைந்து, கடைசியில் படுத்தே விட்டது. தரவில் ஒரு குறையும் இல்லை, நீ எதிர்பார்த்த நேர்கோடுதான் தப்பு என்று சொல்லிவிட்டுத் தராசை எடுத்து மேசைமேல் வைத்தேன். அன்று மாலை அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். பள்ளிக்கூட உயிரியல் நினைவிருந்தால் போதும்.

உடலின் எல்லா உயிரணுக்களிலும் ஏறக்குறைய ஒரே மரபணுத் தொகுதிதான் இருக்கிறது. ஆனால் ஈரலில் சில மரபணுக்கள் வேலை செய்கின்றன, மூளையில் வேறு சில. ஒரு மரபணு வேலை செய்யும்போது அதன் நகல் தூது ஆர்.என்.ஏ.வாக வெளிவருகிறது. எந்த மரபணுவின் நகல் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிவிட்டால், அந்தத் திசு அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று ஓரளவு ஊகிக்கலாம். ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒரே நேரத்தில் எண்ண வந்த கருவிதான் மைக்ரோஅரே என்கிற ஜீன் சிப். 1995-இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் ஷீனா, பாட்ரிக் பிரவுன் ஆகியோரின் குழு கண்ணாடித் தகட்டில் அராபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியின் 45 மரபணுக்களை அளந்து காட்டியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே கலிஃபோர்னியாவில் ஸ்டீஃபன் ஃபோடர் குழுவினர், கணினிச் சில்லு செய்வதைப்போல ஒளியைப் பாய்ச்சிக் கண்ணாடியின் மேலேயே இழைகளை எழுத்தெழுத்தாகக் கட்டும் வழியைக் கண்டுபிடித்திருந்தார்கள். அஃபிமெட்ரிக்ஸ் நிறுவனத்தின் சிப்புகள் அந்த வழியில் வந்தவை. நம் கதை அந்தச் சிப்புகளைப் பற்றியது.

சிப்பின் மேற்பரப்பு நுண்ணிய சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். தலைமுடியின் தடிமனுக்குள் அடங்கிவிடும் அளவு ஒவ்வொரு சதுரமும். ஒரு சதுரத்தில் ஒரே வகை டி.என்.ஏ. இழை, 25 எழுத்து நீளத்தில், லட்சக்கணக்கில் நட்டு வைக்கப்பட்டிருக்கும். ஆங்கிலத்தில் இதைப் புரோப் என்கிறார்கள். நான் தூண்டில் என்றே சொல்லப்போகிறேன், ஏனென்றால் வேலை அதுதான். டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் அடினைன் தைமினோடும், குவானின் சைட்டோசினோடும் சேரும் என்பது தெரிந்ததே (ஆர்.என்.ஏ.வில் தைமினுக்குப் பதில் யுராசில்). தூண்டிலின் 25 எழுத்துகளுக்கும் சரியான ஜோடி எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. துண்டு நீந்தி வந்தால் பற்றிக்கொள்ளும். இப்படி இரண்டு இழைகள் ஜோடி சேர்வதற்குப் பெயர் ஹைப்ரிடைசேஷன். இதைப் பயிர்க் கலப்பினம் என்று மொழிபெயர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது வெறும் இழை இணைவு.

நான்கு எழுத்தில் 25 இடம் என்றால் சாத்தியமான சொற்கள் ஆயிரம் லட்சம் கோடிக்கும் மேல். மனித மரபணுத் தொகுதியின் மொத்த நீளமே சுமார் 300 கோடி எழுத்துதான். ஆகவே 25 எழுத்து, ஒரு மரபணுவைத் தனியாக அடையாளம் காட்டத் தாராளமாகப் போதும் என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் மீன் கணக்குப் பார்த்துக்கொண்டா தூண்டிலைக் கடிக்கிறது?

சோதனை நடப்பது இப்படி. திசுவிலிருந்து எடுத்த ஆர்.என்.ஏ.வை நகலெடுப்பார்கள். நகலெடுக்கும்போதே சைட்டோசின், யுராசில் எழுத்துகளில் பயோட்டின் என்னும் சிறு கொக்கியை மாட்டிவிடுவார்கள். நகல்களைத் துண்டு துண்டாக உடைத்து, சிப்பின் மேல் ஊற்றி, 45 டிகிரி செல்சியஸில் 16 மணி நேரம் சுழலவிடுவார்கள். பிறகு கழுவுவார்கள். பயோட்டினில் ஒட்டும் ஒளிரும் சாயத்தை ஏற்றி, லேசர் கதிரால் சதுரம் சதுரமாகப் படிப்பார்கள். கையில் கிடைப்பது ஒவ்வொரு சதுரத்துக்கும் ஓர் எண், அதன் வெளிச்சம். நமக்கு வேண்டியதோ வெளிச்சம் அல்ல, செறிவு. கரைசலில் அந்த ஆர்.என்.ஏ. எவ்வளவு இருந்தது என்பது. தராசு முள் எங்கே நின்றது என்று தெரியும். காய்கறியின் எடை எவ்வளவு என்று தெரியாது.

சர்க்கரைப் பொட்டலம் இங்கேதான் வருகிறது. அளவு முன்கூட்டியே தெரிந்த சில ஆர்.என்.ஏ.க்களைக் கரைசலில் வேண்டுமென்றே கலந்து சிப்பில் ஊற்றிப் பார்த்தால், இந்தச் செறிவுக்கு இந்த வெளிச்சம் என்று நேரடியாகத் தெரிந்துவிடும். இதுதான் கண்ட்ரோல் தரவு. அஃபிமெட்ரிக்ஸ் இப்படி ஒரு பெரிய சோதனையைச் செய்து, எண்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டது. அண்ணன் மகள் எடுத்து வந்ததும் அதுவே. ஆய்வகம் வேண்டாம், லேசர் வேண்டாம், மடிக்கணினியும் பொறுமையும் இருந்தால் உலகில் எந்த மூலையிலிருந்தும் வேலை செய்யலாம்.

அந்தச் சோதனையின் அமைப்பு அழகானது. எச்ஜி-யு95ஏ என்ற மனிதச் சிப். அதில் 14 மரபணுக்களைத் தேர்ந்தெடுத்தார்கள். செறிவுகளும் 14: பூஜ்யம், 0.25, 0.5, 1, 2, 4 என்று இரட்டித்துக்கொண்டே போய் 1,024 பிக்கோமோலார் வரை. சோதனைகளும் 14. ஒவ்வொரு சோதனையிலும் ஒவ்வொரு மரபணுவும் ஒரு படி நகர்ந்து உட்காரும். செய்தித்தாளில் வரும் சுடோக்குக் கட்டம் தெரியுமல்லவா, ஒரே எண் ஒரே வரிசையில் இருமுறை வரக்கூடாது என்பதுபோல. இதற்கு லத்தீன் சதுரம் என்று பெயர். ஒவ்வொரு மரபணுவும் எல்லாச் செறிவுகளையும் பார்த்துவிடும், ஒவ்வொரு சிப்பும் எல்லாச் செறிவுகளையும் பார்த்துவிடும். ஒரு சிப் கொஞ்சம் மங்கலாக அமைந்துவிட்டாலும் அந்தப் பழி ஒரே மரபணுவின் தலையில் விழாது. பின்னால் வந்த எச்ஜி-யு133ஏ சிப்பில் இதையே 42 ஆர்.என்.ஏ.க்களை வைத்து, 512 பிக்கோமோலார் வரை செய்தார்கள்.

பிக்கோமோலார் என்றதும் மிரள வேண்டாம். 1 பிக்கோமோலார் கரைசலில் ஒரு மைக்ரோலிட்டருக்குச் சுமார் 6 லட்சம் இழைகள் இருக்கும். குண்டூசித் தலையளவு துளிக்குள் ஒரு நகரத்து மக்கள் தொகை.

அவளிடம் சாதாரண வரைபடத் தாள் ஒன்றில் கையால் புள்ளி வைக்கச் சொன்னேன். 16 சென்டிமீட்டர் அகலத்தில் 1,024 வரை குறித்தாள். பதினான்கு புள்ளிகளில் பத்து, முதல் ஒரு சென்டிமீட்டருக்குள் போய் நெருக்கியடித்துக்கொண்டன. பென்சில் முனை மழுங்கிப் புள்ளியும் புள்ளியும் ஒன்றாகிவிட்டன. மீதி நான்கு புள்ளிகள் 15 சென்டிமீட்டரில் ஹாயாக உட்கார்ந்திருந்தன. இதனால்தான் இந்தத் துறையில் எல்லோரும் மடங்குக் கணக்கில் அச்சை வரைகிறார்கள்: ஒவ்வொரு கட்டமும் முந்தையதைப்போல் இரு மடங்கு. அப்படி வரைந்தால் கோடு படுத்துக்கிடக்கும் எஸ் எழுத்துப்போலத் தெரியும். கீழே தரை, நடுவில் ஏற்றம், மேலே கூரை.

தரை ஏன், கூரை ஏன்? இதற்குப் பதில் உயிரியலிலிருந்து வரவில்லை. மின்விளக்கிலிருந்து வந்தது.

அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்தவர் இர்விங் லாங்மியூர். விளக்குக்குள் இருக்கும் உலோகக் கம்பியின் மேல் வாயு எப்படி ஒட்டுகிறது என்று ஆராய்ந்தார். 1918-இல் அவர் எழுதிய சமன்பாட்டை வேதியியல் பாடத்தில் லாங்மியூர் சமவெப்பக் கோடு என்று படித்திருப்பீர்கள். தேர்வு முடிந்ததும் மறந்திருப்பீர்கள். 1932-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கணக்கு அப்படியே ஜீன் சிப்புக்குப் பொருந்தும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

கடலோரம் மீன்பிடிப்பவர் பல தூண்டில்களைப் போட்டு வைத்திருக்கிறார் என்று வையுங்கள். ஒரு தூண்டிலில் ஒரு மீன்தான். மாட்டிய மீன் துள்ளித் தப்பவும் முடியும். மீன் மாட்டும் வேகம் இரண்டைப் பொறுத்தது: தண்ணீரில் எவ்வளவு மீன், எத்தனை தூண்டில் காலியாக இருக்கிறது. தப்பும் வேகம் ஒன்றை மட்டுமே பொறுத்தது: எத்தனை தூண்டிலில் மீன் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் மாட்டுவதும் தப்புவதும் சமமாகிவிடும். இரண்டு வேகங்களையும் சமன்படுத்தி எழுதினால் நாலே வரியில் கிடைப்பது:

நிறைந்த தூண்டில்களின் பங்கு = செறிவு ÷ (செறிவு + அரைச்செறிவு)

அரைச்செறிவு என்பது சரியாகப் பாதித் தூண்டில்கள் நிறையத் தேவைப்படும் செறிவு. பிடி இறுக்கமான தூண்டிலுக்கு இது சின்ன எண், பிடி தளர்ந்த தூண்டிலுக்குப் பெரிய எண். வெளிச்சம் வேண்டுமென்றால் இதை முழு உயரத்தால் பெருக்கி, அடி வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும்:

வெளிச்சம் = அடி + உயரம் × செறிவு ÷ (செறிவு + அரைச்செறிவு)

அடி என்பது என் தராசின் 30 கிராம். நாம் தேடும் ஆர்.என்.ஏ. ஒரு துளிகூட இல்லாதபோதும் வேறு துண்டுகள் வந்து தப்பாக ஒட்டிக்கொள்வதாலும், கருவியே கொஞ்சம் மினுங்குவதாலும் வருவது. உச்சியில் கோடு படுப்பது தெவிட்டுநிலை. வேதியியல்காரர்கள் எடுத்தாண்ட தமிழ்ச் சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது. ஐந்தாவது லட்டுக்கு நாக்கு என்ன சொல்லுமோ அதைத்தான் சிப்பும் சொல்கிறது.

வெறும் விளக்கத்துக்காகச் சில எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். அடி 200, உயரம் 10,000, அரைச்செறிவு 250. செறிவு 1 என்றால் வெளிச்சம் 240. செறிவை 2 ஆக்கினால் 279. ஆர்.என்.ஏ. இரட்டித்தது, வெளிச்சம் 1.16 மடங்குதான் ஆனது. 32-இலிருந்து 64-க்குப் போனால் 1,335-இலிருந்து 2,238, அதாவது 1.68 மடங்கு. 250-இலிருந்து 500-க்குப் போனால் 5,200-இலிருந்து 6,867, வெறும் 1.32 மடங்கு. மூன்று இடத்திலும் உண்மை ஒன்றுதான், இரண்டு மடங்கு. சிப் மூன்று விதமாகச் சொல்கிறது. ஓரிடத்தில்கூட ‘இரண்டு’ என்று சொல்லவில்லை.

அண்ணன் மகள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுடைய கேள்விக்கே இதுதானே பதில். நோயாளியின் திசுவில் ஒரு மரபணு 1.3 மடங்கு கூடியிருக்கிறது என்று ஒருவர் எழுதினால், அது நிஜமாகவே 1.3 மடங்காக இருக்கலாம். கூரையில் முட்டிக்கொண்டிருக்கும் இரண்டு மடங்காகவும் இருக்கலாம். வெளிச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. வளைகோட்டில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரிய வேண்டும்.

சமன்பாட்டைத் திருப்பிப்போட்டு வெளிச்சத்திலிருந்து செறிவைக் கணக்கிடலாம். பள்ளி இயற்கணிதம்தான். ஆனால் எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்து விடையின் நம்பகம் மாறும். மேலே சொன்ன எண்களிலேயே, வெளிச்சம் 10,000 என்றால் செறிவு 12,250 என்று வரும். வெளிச்சம் 10,100 என்றால்? 24,750. வெளிச்சத்தில் நூற்றுக்கு ஒன்று கூடியதற்கு விடை இரட்டித்துவிட்டது. கீழ்க்கோடியிலும் இதே தொல்லை: 220-க்கு 0.5, 240-க்கு 1. லேசரின் சிறு தடுமாற்றமே 20 அலகு இருக்கலாம். என் தராசில் முள் எல்லையில் முட்டி நிற்கும்போது “ஐந்தரை கிலோ இருக்குமோ?” என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதற்குச் சமம் அது. நடுப்பகுதியில் கிடைக்கும் விடையை நம்பலாம். ஓரங்களில் ‘இதற்கு மேல்’, ‘இதற்குக் கீழ்’ என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வதே நாணயம்.

இனி அரைச்செறிவு. ஒரே மரபணுவுக்கு இந்தச் சிப்பில் 16 வகைத் தூண்டில்கள் உண்டு, மரபணுவின் வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்தவை. கரைசலில் ஒரே ஆர்.என்.ஏ., ஒரே செறிவு. ஆனாலும் பதினாறும் பதினாறு விதமாக ஒளிரும். ஒன்று கண்ணைப் பறிக்கும், பக்கத்தில் இருப்பது அணையப்போகும் அகல்போல இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. எனக்கும் அப்படித்தான் இருந்தது. முதல்முறை இந்தத் தரவைக் கையில் எடுத்தபோது மங்கலான தூண்டில்களையெல்லாம் ‘பழுது’ என்று தூக்கி எறிந்தேன். உச்சியில் படுத்துக்கிடந்த புள்ளிகளையும் எறிந்தேன். கடைசியில் கையில் மிஞ்சியது எனக்குப் பிடித்த புள்ளிகள் மட்டுமே. கோடு நேராக வந்தது. வராமல் என்ன செய்யும்!

வேறுபாட்டுக்குக் காரணம் எழுத்துகள். குவானின்–சைட்டோசின் ஜோடிக்கு மூன்று ஹைட்ரஜன் பிணைப்பு, அடினைன்–தைமின் ஜோடிக்கு இரண்டு. ஆகவே குவானினும் சைட்டோசினும் மிகுந்த தூண்டிலின் பிடி இறுகும். அதோடு முடிவதில்லை. அடுக்கி வைத்த தட்டுகளைப்போல் எழுத்து ஜோடிகள் ஒன்றன்மேல் ஒன்று அமர்கின்றன. பக்கத்துத் தட்டு எது என்பதும் பிடியைத் தீர்மானிக்கிறது. எனவே எழுத்துகளைத் தனித்தனியாக எண்ணாமல் இரண்டிரண்டாக எண்ணிக் கூட்டுவார்கள். 1998-இல் ஜான் சாண்டாலூசியா டி.என்.ஏ.வுக்கான இந்த எண்களைத் தொகுத்துத் தந்தார். குவானினை அடுத்துச் சைட்டோசின் வந்தால், அந்தப் படி மோலுக்கு 2.24 கிலோகலோரி பிணைப்பைத் தருகிறது. தைமினை அடுத்து அடினைன் வந்தால் 0.58 மட்டுமே. 25 எழுத்தில் இப்படி 24 படிகள். கூட்டினால் வருவது அந்த இணைவின் கட்டிலா ஆற்றல், அதாவது பிடி எவ்வளவு இறுக்கம் என்பதன் அளவு.

ஆற்றலுக்கும் அரைச்செறிவுக்கும் உள்ள உறவு அடுக்குக்குறி உறவு. 45 டிகிரியில் பிணைப்பு ஒரே ஒரு கிலோகலோரி கூடினால், கணக்குப்படி அரைச்செறிவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். ஐந்து கிலோகலோரி என்றால் ஆயிரக்கணக்கான மடங்கு. இங்கே எச்சரிக்கை வேண்டும். கரைசலில் சுதந்திரமாக நீந்தும் இரண்டு இழைகளுக்கு அளந்த எண்களை அப்படியே சிப்புக்குக் கொண்டுவந்தால் பொருந்துவதில்லை. சிப்பில் ஒரு முனை கண்ணாடியில் கட்டுண்டிருக்கிறது, பக்கத்துத் தூண்டில்கள் இடிக்கின்றன, வருவதோ டி.என்.ஏ. அல்ல ஆர்.என்.ஏ. கண்ட்ரோல் தரவு காட்டும் வேறுபாடுகள் பாடநூல் கணக்கு சொல்வதைவிட மிகவும் தணிந்தவை. கோட்பாடு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்கிறது. எவ்வளவு சாயும் என்று தரவுதான் சொல்ல வேண்டும். 2003-இல் ஹெல்ட், கிரின்ஸ்டீன், டூ ஆகிய மூவரும் எழுத்து வரிசையிலிருந்து ஆற்றலைக் கணக்கிட்டு, இந்தக் கண்ட்ரோல் தரவோடு பொருத்திப் பார்த்தார்கள். இந்தத் துறையில் நுழைய விரும்புகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

சுவாரசியமான சிக்கலை இனிமேல்தான் சொல்லப்போகிறேன்.

அஃபிமெட்ரிக்ஸ் ஒவ்வொரு தூண்டிலுக்கும் பக்கத்தில் ஒரு போலித் தூண்டிலையும் வைத்தது. 25 எழுத்தில் நட்டநடுவே இருக்கும் 13-ஆம் எழுத்தை மட்டும் அதன் ஜோடி எழுத்தாக மாற்றிவிடுவார்கள். மற்ற 24-உம் அப்படியே. உண்மையான ஆர்.என்.ஏ. போலியில் ஒட்டாது, வழிதவறி வரும் குப்பைத் துண்டுகள் மட்டும் இரண்டிலும் ஒரே அளவு ஒட்டும், ஆகவே அசலிலிருந்து போலியைக் கழித்தால் சுத்தமான விடை கிடைக்கும் என்பது யோசனை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இந்தத் தீவில் வளர்ந்தவர்களுக்கு இந்த யோசனை ஏன் பலிக்காது என்று எளிதில் புரியும். முருங்கைக் கீரையைச் சந்தையில் ‘ப்ரெத் முரும்’ என்று கேட்கிறோம், கறிவேப்பிலையைக் ‘கரிபூலே’ என்கிறோம். தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் ‘கரிபூலே’ என்று காதில் விழுந்ததும், ஒரு நொடி தயங்கி, சட்டென்று சிரித்துவிட்டார். புரிந்துவிட்டது. எழுத்து மாறினாலும் சொல்லின் உடம்பு மாறவில்லை. போலித் தூண்டிலும் அப்படியே. 24 எழுத்து பொருந்தும்போது ஒன்று பிசகினால் பிடி தளரும், விட்டுப்போகாது. கண்ட்ரோல் தரவில் போலியும் செறிவு ஏற ஏற வளைகோட்டில் ஏறுகிறது. அதனிடம் இருப்பது குப்பை மட்டும் அல்ல, நாம் தேடுவதும்தான். கழித்தால் குப்பையோடு சரக்கும் போகும்.

அதைவிட வேடிக்கை: ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஜோடிகளில் போலி அசலைவிடப் பிரகாசமாக இருக்கும். கழித்தால் எதிர்மறை எண்! செறிவு எதிர்மறை என்றால் என்ன பொருள் சொல்வது? 2003-இல் ஃபெலிக்ஸ் நேஃப், மார்செலோ மக்னாஸ்கோ இருவரும் இதில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் காட்டினார்கள். அசல் தூண்டிலின் நடு எழுத்து அடினைன் அல்லது குவானினாக இருக்கும்போதுதான் பெரும்பாலும் போலி முந்திக்கொள்கிறது. யோசித்துப் பாருங்கள், அந்த எழுத்துகளுக்கு எதிரே ஆர்.என்.ஏ.வில் நிற்பது யுராசில் அல்லது சைட்டோசின். பயோட்டின் கொக்கியை மாட்டியது அதே எழுத்துகளில்தான். அடையாளத்துக்காக மாட்டிய கொக்கியே பிணைப்புக்கு இடைஞ்சலாகிவிடுகிறது. கழித்தல் கணக்கை யோசித்தவர்கள் இதைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை.

கூரையிலும் ஒரு புதிர். லாங்மியூர் கணக்குப்படி, பிடி தளர்ந்த போலியும் செறிவு போதுமான அளவு ஏறினால் முழுவதும் நிறைந்துவிட வேண்டும். தாமதமாகத்தான் நிறையும், ஆனால் அதே கூரையைத் தொட வேண்டும், ஏனென்றால் தூண்டில்களின் எண்ணிக்கை ஒன்றுதான். தரவு அப்படிச் சொல்லவில்லை. போலியின் கூரை தாழ்வாக இருக்கிறது. அசல்களுக்குள்ளேயே கூரைகள் வேறுபடுகின்றன. கான்பராவில் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கான்ராட் பர்டன் குழுவினர் 2004-இல் இந்தத் தரவை லாங்மியூர் கோட்டிலும் அதன் உறவுக்காரக் கோடுகளிலும் பொருத்திப் பார்த்துவிட்டு, 2006-இல் இந்தக் கூரைப் புதிருக்கு விடை தேடினார்கள். விடை நாம் அவசரமாகக் கடந்து வந்த ஒரு சொல்லில் இருந்தது: ‘கழுவுவார்கள்’.

தூண்டிலைத் தண்ணீருக்குள் வைத்திருக்கும்வரை ஒரு மீன் தப்பினால் இன்னொன்று வந்து மாட்டும். வெளியே தூக்கிவிட்டால்? தப்பியது தப்பியதுதான். கழுவும் நீரில் புதிய ஆர்.என்.ஏ. கிடையாது. இறுக்கமான பிடிகள் தாங்கும். தளர்ந்தவை ஒவ்வொன்றாக உதிரும். 16 மணி நேரக் குளியலின் முடிவில் அசலும் போலியும் நிறைந்தே இருந்திருக்கலாம், ஆனால் லேசர் பார்ப்பது கழுவிய பிறகு மிஞ்சியதை. ஆகவே சமன்பாட்டில் ‘உயரம்’ எல்லாத் தூண்டிலுக்கும் பொதுவான எண் அல்ல. அதுவும் எழுத்து வரிசையைப் பொறுத்தது. ஆய்வகத்தில் இரண்டாம் வரியாக எழுதிவிட்டுப் போகிற ஒரு வேலை, கணக்கின் வடிவத்தையே மாற்றுகிறது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கண்ட்ரோல் தரவு மட்டும் இல்லாவிட்டால் போலியின் தாழ்ந்த கூரையை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். சாதாரணச் சோதனையில் உண்மைச் செறிவு தெரியாதே, கூரையைத் தொட்டதா இல்லையா என்று எப்படிச் சொல்வது?

மீன் உவமை ஓரளவுதான் செல்லும். கரைசலில் ஆர்.என்.ஏ. துண்டுகள் தமக்குள்ளேயே ஜோடி சேர்ந்து தூண்டிலுக்கு வராமலே போய்விடும். சில துண்டுகள் தம்மைத்தாமே மடித்துக்கொள்ளும். ஒரு சதுரம் அதிகமாகப் பிடித்தால் கரைசலில் செறிவே குறையக்கூடும். இவற்றுக்கெல்லாம் திருத்தங்கள் இருக்கின்றன. தொடக்கத்தில் தேவையில்லை.

இப்போதெல்லாம் ஆர்.என்.ஏ.வை நேரடியாகப் படித்து எண்ணும் முறை வந்துவிட்டது, ஜீன் சிப்பின் காலம் முடிந்துவிட்டது, இதைப் படித்து என்ன பயன் என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் புதிய முறையிலும் செறிவு தெரிந்த 92 செயற்கை ஆர்.என்.ஏ.க்களைக் கலந்து சரிபார்க்கிறார்கள், பெயர் இ.ஆர்.சி.சி. கண்ட்ரோல். தராசு மாறியிருக்கிறது, பொட்டலம் மாறவில்லை.

தேநீர் ஆறிவிட்டது. அவள் ஒரு மரபணுவின் 16 தூண்டில்களுக்கும் கோடு பொருத்தி முடித்திருந்தாள். பதினைந்து ஒழுங்காக வளைந்தன. ஒன்று மட்டும் 1,024 பிக்கோமோலாரிலும் தரையை விட்டு எழவே இல்லை. “இதையாவது பழுது என்று எறியலாமா?” என்றாள். எறிவதற்கு முன் எழுத்துகளைப் படித்துப் பார் என்றேன். ஒரு காகிதத்தை நீளவாக்கில் கிழித்து, 25 எழுத்துகளையும் வரிசையாக எழுதினாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவள், காகிதத்தை நடுவில் மடித்தாள். தொடக்கத்தில் இருந்த ஆறு எழுத்துகளும் முடிவில் இருந்த ஆறு எழுத்துகளும் நேருக்கு நேர் வந்து ஜோடி ஜோடியாக நின்றன. தூண்டில் தன் முனையைத் தானே கவ்விக்கொண்டிருந்தால் மீன் எங்கே மாட்டும்?

மழை விட்டிருந்தது. மடித்த காகிதத்தை அப்படியே நோட்டுக்குள் வைத்துக்கொண்டு, கடைசிப் பஸ் போய்விடும் அத்தை என்று சொல்லிவிட்டு ஓடினாள்.